ஏழு இடத்தில் இறக்கினோம்

அப்பாவின் டைரியில் 1984 ஆடிப்பெருக்கு நாளுக்கு நேரே நான்கே வாக்கியம் இருக்கிறது. "காலை 5.40 புளியஞ்சோலை. 11.50 கோயில். ஏழு இடத்தில் இறக்கினோம். பையன் அழவில்லை." நீல மசி, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. அந்தப் பையன் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. கோயில் என்று எழுதியிருப்பது கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலை.

அப்பா நில அளவைத் துறையில் செயின்மேன். இருபத்தெட்டு வருஷம் வயலிலும் வரப்பிலும் சங்கிலி இழுத்தவர். கல்யாணப் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீளம் இவ்வளவு என்பார். டேப்பைப் போட்டுப் பார்த்தால் அரை அடிக்கு மேல் தப்பாது. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு எத்தனை மீட்டர், ரேஷன் கடை எத்தனை மீட்டர், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மனிதர் தன் வாழ்நாளில் நடந்த மிகக் கடினமான நடையைப் பற்றி எழுதும்போது தூரத்தை எழுதவில்லை. நேரம் எழுதினார், இறக்கிய இடங்களின் கணக்கை எழுதினார், என்னைப் பற்றி எழுதினார். கிலோமீட்டர் மட்டும் இல்லை.

அவர் போன பிறகு அந்த டைரியைப் புரட்டியபோதுதான் இது கண்ணில் பட்டது. என்னிடம் சைக்கிளுக்கு வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தது. அப்பா எழுதாமல் விட்டதை நான் அளந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

புளியஞ்சோலை கொல்லிமலையின் கிழக்கு அடிவாரம், துறையூர்ப் பக்கம். மேலே ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு பாறைகளுக்கிடையே இறங்கி அங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. ஆடிப்பதினெட்டுக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் அங்கிருந்து மலையேறி அறப்பளீஸ்வரரைப் பார்க்கப் போவது பழைய வழக்கம். நாமக்கல் பக்கமிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவோடு பஸ் ரோடு இருக்கிறது. ஆனால் ஆடிப்பெருக்குக்கு நடந்து போனால்தான் போன மாதிரி என்பது அம்மாவின் கட்சி.

அன்றைக்கு அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நால்வரும் கிளம்பினோம். அடிவாரத்தில் மலைக்காரர் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். துறையூரில் பலாப்பழம் விற்றுவிட்டு உப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர். தலையில் மூட்டை, கையில் டின், காலில் செருப்பில்லை. எங்கள் மொத்தச் சுமையையும் விட அவருடையது கனம். அப்பா முதலில் கேட்டது இதுதான்: "அண்ணே, கோயிலுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?"

அவர் தூரத்தைச் சொல்லவில்லை. "சுமையோட போனா ஏழு தடவை இறக்கணும். கைவீசிப் போனா நாலு" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப ஏழுன்னே வச்சுக்குவோம்" என்றார். அந்தப் பதிலில் இருந்த மரியாதை எனக்கு அப்போது தெரியவில்லை.

இறக்கும் இடம் என்றால் கண்ட கண்ட இடம் இல்லை. சமவெளியில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்களே, இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைப் படுக்க வைத்து? மலையில் அந்த வேலையைப் பாறைகளே செய்தன. தோள் உயரத்தில் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். தனியாளாக வருகிறவர் குனியாமல், பிறத்தியார் கைகொடுக்காமல், தலையிலிருந்து மூட்டையை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி வைக்க வேண்டும், அதே மாதிரி திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படி அமைந்த பாறைகளின் மேல்பக்கம் எண்ணெய் தேய்த்த அம்மிபோல் வழவழவென்றிருக்கும். எத்தனை தலைமுறை மூட்டைகள் உரசினால் கருங்கல் அப்படித் தேயும்! நான் அதில் கையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. சுற்றிலும் கல் சொரசொரப்பு, அந்த ஒரு முழ அகலம் மட்டும் வழவழப்பு.

அப்பாவின் தொழில் ஞானம் எனக்கு வந்ததெல்லாம் கதையாக வந்ததுதான். சங்கிலிக்கு நூறு லிங்க். வெள்ளைக்காரன் காலத்துச் சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். பிறகு வந்தது 20 மீட்டர். இழுத்து இழுத்து இரும்பு வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டுவிடும், அதனால் அடிக்கடி சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "அளக்குற பொருளையே மொதல்ல அளக்கணும்டா" என்பார். 1802-ல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தபோது, வெயிலில் எஃகுச் சங்கிலி நீளக்கூடாதே என்று மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவை அந்த ஏழரை மைலில் தொடங்கியது. அதை அப்பா குலதெய்வக் கதைபோலச் சொல்வார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் பின்னால் எனக்கு உதவியது. சரிவில் சங்கிலியைத் தரையோடு போடக்கூடாது. மேட்டிலிருப்பவர் மண்டியிட்டுச் சங்கிலியைத் தரையோடு பிடிப்பார். பள்ளத்திலிருப்பவர் தலைக்கு மேல் தூக்கி மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, அது தொடும் இடத்தில் குறி போடுவார். அங்கிருந்து அடுத்தது. படிப்படியாக இறங்க வேண்டும். ஏனென்றால் பட்டாவில் எழுதும் நிலம் மட்டமான நிலம். மலைச்சரிவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் வரைபடத்தில் அதன் நிழலுக்குத்தான் இடம்.

என் கையிலிருந்த ஜிபிஎஸ்ஸுக்கும் ஒரு கதை உண்டு. நாங்கள் அந்த மலையேறிய ஆடிக்குச் சுமார் பதினோரு மாதம் முன்னால், 1983 செப்டம்பர் 1 அன்று, வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் கட்டி முடிந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் திறந்துவிடுவோம் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. முதல் செயற்கைக்கோள் 1978-லேயே போயாகிவிட்டது. ஆக, மலைக்காரர் "ஏழு தடவை" என்று எங்களுக்கு வழிசொன்னபோது, 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சில சோதனைக் கோள்கள் எங்கள் தலைக்கு மேலும் சுற்றிக்கொண்டிருந்தன. 24 கோள்களோடு அமைப்பு முழுமையானது 1995-ல். அதன் பிறகும் மற்றவர்களுக்குத் துல்லியம் கிடைக்கக் கூடாதென்று வேண்டுமென்றே சிக்னலில் பிழை சேர்த்திருந்தார்கள். நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்தியது 2000 மே மாதத் தொடக்கத்தில். நூறு மீட்டர் தள்ளிக் காட்டினால் கொல்லிமலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா, பள்ளத்தாக்கா மேலே இருக்கிற மேடா என்பதே தெரியாது.

ஜிபிஎஸ் முறையின் அழகு நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோளும் தன் கடிகார மணியைச் சொல்லிக்கொண்டே போகிறது. சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத் தூரம். ஒளி ஒரு நானோ நொடியில் சுமார் 30 செண்டிமீட்டர் போகிறது. ஒரு மைக்ரோ நொடி தப்பினால் 300 மீட்டர் தப்பு. நம் கருவியின் கடிகாரம் மலிவானது, அதனால் இடத்துக்கு மூன்று கோள், கடிகாரத்தைத் திருத்த நான்காவது. நாலு பேர் சாட்சி சொன்னால்தான் நாம் நிற்கும் இடம் உறுதிப்படும்.

சைக்கிளில் என் கருவி அருமையாக உழைத்தது. எழுபது வளைவையும் அதை வைத்துத்தான் ஏறினேன். ஹாண்டில்பாரில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், சக்கரத்தில் கட்டிய சென்சார் ஒவ்வொரு சுற்றையும் எண்ணிச் சொல்லும். சக்கரச் சுற்றளவை இரண்டு மீட்டர் பத்து செண்டிமீட்டர் என்று ஒருமுறை சரியாகக் கொடுத்துவிட்டால் தூரத்தில் பேச்சே இல்லை. அதே கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வனத்துறை அனுமதியோடும் உள்ளூர் அண்ணன் ஒருவர் துணையோடும் புளியஞ்சோலையிலிருந்து ஏறினேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகிய பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாடக் கூடாது. அனுமதி இல்லாமல், வழி தெரிந்த ஆள் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

மேலே போய்ச் சேர்ந்து பதிவைத் திறந்து பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. ஐயாற்றை நாங்கள் தாண்டாத இடங்களில் எல்லாம் கோடு ஆற்றைத் தாண்டியிருந்தது. ஓரிடத்தில் செங்குத்துப் பாறையின் நடுவில் நாங்கள் நடந்ததாகக் காட்டியது. மிகச் செங்குத்தான இரண்டு ஏற்றங்கள் பதிவிலேயே இல்லை, வெறும் நேர்க்கோடு. ஒரு மாதம் கழித்து அதே பாதையில் மறுபடி போனேன். முதல் பதிவுக்கும் இரண்டாம் பதிவுக்கும் ஒன்றேகால் கிலோமீட்டர் வித்தியாசம். பாதை நீளவில்லை. அப்பா சொன்னதை அப்போதுதான் எடுத்து யோசித்தேன். அளக்குற பொருளை நான் அளக்கவே இல்லை.

முதல் குற்றவாளி தானியங்கி நிறுத்தம். சிக்னலில் நிற்கும் சைக்கிள்காரருக்காக வைத்த வசதி அது. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு பதிவை நிறுத்தும். ஆனால் முழங்கால் நெஞ்சைத் தொடுகிற ஏற்றத்தில் மனிதன் மணிக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் போவான். எங்கே உயிர் போக ஏறினோமோ அங்கேயெல்லாம் நாங்கள் சும்மா நின்றதாக அது கணக்கெழுதிவிட்டது. இதை அணைத்தேயாக வேண்டும். நடைக்குக் கிளம்பும் முன் முதல் வேலை இது.

இரண்டாவது, புள்ளி வைக்கும் முறை. பாட்டரியும் இடமும் மிச்சமாகட்டும் என்று திசையோ வேகமோ மாறினால் மட்டும் புள்ளி வைக்கும் ஒரு முறை உண்டு. ரோட்டுக்கு அது போதும். மலைப்பாதை பத்தடிக்கொரு முறை ஒடியும், அந்த ஒடிவுகளையெல்லாம் நேராக்கித் தூரத்தைச் சுருக்கிவிடும். நொடிக்கொரு புள்ளி என்று மாற்றினேன். அதில் வேறொரு தொல்லை. நாம் பாறையில் உட்கார்ந்து இளைப்பாறும்போதும் புள்ளி சும்மா இருக்காது. இங்கே மூன்று மீட்டர், அங்கே நாலு மீட்டர் என்று நம்மைச் சுற்றி ஈப்போல மொய்க்கும். அதையெல்லாம் தூரமாகக் கூட்டிவிடும். அதனால் உட்காரும்போது நாமே பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும், எழும்போது நாமே தொடங்க வேண்டும். நிற்பதையும் நடப்பதையும் கருவியின் தீர்ப்புக்கு விடக்கூடாது.

மூன்றாவது, வைக்கும் இடம். சட்டைப்பையில் இருந்தால் பாதி வானத்தை நம் உடம்பே மறைத்துவிடும். மனித உடம்பு தண்ணீர் மூட்டை, சிக்னலைக் குடித்துவிடும். தையல்காரரிடம் பையின் தோள்வாரைக் கொடுத்து, தோளின் உச்சியில் சைக்கிள் பிடிமானத்தை ரப்பர் வளையத்தோடு சேர்த்துத் தைத்து வாங்கினேன். இப்போது கருவி என் காதுக்குப் பக்கத்தில் மல்லாந்து வானத்தைப் பார்க்கிறது. அதன் பிறகு கோடு ஆற்றைத் தாண்டுவது பெரும்பாலும் நின்றது. முழுதாக நிற்காது. பள்ளத்தாக்கில் வானமே ஒரு கீற்றுத்தான், அதற்குள் நாலு கோள் அகப்பட வேண்டும். பாறைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் சுற்றுவழியில் வந்ததால் தாமதமாகச் சேரும், கருவி அதை நம்பி நம்மைத் தள்ளி நிறுத்தும். இரண்டு அலைவரிசையில் கேட்கும் புதிய கருவிகள் இந்த எதிரொலியை நன்றாகவே இனம் பிரிக்கின்றன. ரஷ்ய, ஐரோப்பிய, சீனக் கோள்களையும் சேர்த்துக் கேட்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. நம் நாட்டு நாவிக் கோள்கள் 2013 முதல் போகின்றன, அதைக் கேட்கும் கருவிகளும் வந்துவிட்டன.

உயரத்தின் கதை தனி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் அது எனக்கு மலையைப் பற்றியே புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது.

நல்ல சைக்கிள் கருவிகளில் காற்றழுத்தமானி இருக்கும். அடிப்பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும், அதன் வழியாகக் காற்றின் அழுத்தத்தை உணர்ந்து உயரம் சொல்லும். கொல்லிமலை உயரத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் ஏறியதாக அர்த்தம். படியேறினால் படிப்படியாகக் காட்டும், அவ்வளவு நுட்பம். வியர்வையோ தூறலோ அந்த ஓட்டையை அடைத்தால் கதை முடிந்தது. பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஊசியால் குத்தக் கூடாது.

கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்க வேண்டும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு இறங்கி, அருவியில் குளித்து, வெயில் தாழ ஏறி நாலு மணிக்கு அதே வாசலுக்கு வந்தேன். கருவி, நான் புறப்பட்ட இடத்தைவிட 26 மீட்டர் உயரத்தில் நிற்பதாகச் சொன்னது. மழை இல்லை, புயல் இல்லை. மறுநாள் மலைமேல் உள்ள செம்மேட்டில் விடுதித் திண்ணையில் கருவியை ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டு மணிக்கொரு தரம் எழுதினேன். பத்து மணியிலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன், இன்னும் கொஞ்சம். நாலு மணிக்கு உச்சம். அதன் பிறகு இறங்கத் தொடங்கி ராத்திரி பத்துக்குப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. திண்ணை நகரவில்லை. நகர்ந்தது காற்று. வெயில் காற்று மண்டலத்தைச் சூடாக்குவதால் கடலைப்போல அதற்கும் ஏற்றவற்றம் உண்டு. நம் வெப்பமண்டலத்தில் அது கடிகாரம்போல் ஒழுங்கு. காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் அழுத்தம் கூடும், மாலை நாலுக்கும் விடியற்காலை நாலுக்கும் குறையும். மூன்று மில்லிபார் வித்தியாசம் சாதாரணம். குளிர்நாடுகளில் இந்த ஏற்றவற்றம் சிறியது, அடிக்கடி மாறும் வானிலையில் கரைந்துவிடும். இங்கே ஒவ்வொரு நாளும் மலை முப்பது மீட்டர் வளர்ந்து தேய்வதுபோல் கருவி காட்டும். இதை அறியாமல் எத்தனை பேர் ஏறாத ஏற்றத்தை ஏறியதாக எழுதி வைத்திருப்பார்களோ.

இதற்கு மருந்தும் அப்பாவிடமிருந்தே கிடைத்தது. "பொறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து நிக்கணும். கணக்கு வந்து சேரலைன்னா, அந்தப் பிழையை நடந்த வழி முழுக்கப் பகிர்ந்து கொடுக்கணும். ஒரே எடத்துல கொட்டக் கூடாது." வந்து சேராத அந்த மிச்சத்தை அளவைக்காரர்கள் முடிவுப் பிழை என்பார்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். 26 மீட்டரை ஆறு மணி நேரத்துக்கும் பிரித்துக் கழிக்கிறேன். செயற்கைக்கோள் வரைபடத்தின் உயரத்தைக் கொண்டு திருத்தும் வசதியை அருவிப் படிகளில் நம்ப மாட்டேன். முப்பது மீட்டர் சதுரத்துக்கு ஓர் உயரம் என்று போட்ட கணக்கு செங்குத்துப் பாறையின் ஓரத்தில் என்ன செய்யும்? நாலடி தள்ளிக் காட்டினால்கூட நம்மை அருவியின் தலையிலோ காலிலோ போட்டுவிடும்.

இந்தக் கருவி இல்லாத காலத்திலும் உயரம் அளந்திருக்கிறார்கள். 1865-ல் திபெத்துக்கு மாறுவேடத்தில் புறப்பட்ட நைன் சிங் ராவத், நூறு மணி கோத்த ஜெபமாலையால் தன் காலடியை எண்ணித் தூரம் அளந்தார், தண்ணீர் கொதிக்கும் சூட்டைப் பார்த்து உயரம் அளந்தார். ஆயிரம் மீட்டர் ஏறினால் தண்ணீர் மூன்று டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். அந்த ஆடியில் கோயில் பக்கத்தில் மூன்று கல் கூட்டி அம்மா பொங்கியபோது, "என்னாங்க, தண்ணி தளதளங்குது, பருப்பு வேக மாட்டேங்குதே" என்றது எனக்கு இப்போதும் கேட்கிறது. அம்மாவும் உயரம் அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இவ்வளவும் சரிசெய்து நாலாவது முறை நடந்தபோது, பதிவு முந்தையதோடு நூறு மீட்டருக்குள் ஒத்துப்போனது. தூரம் கிடைத்துவிட்டது. டைரியில் அப்பா எழுதிய வரிக்குக் கீழே எழுதலாம் என்று பேனாவை எடுத்துவிட்டு, நிறுத்தினேன்.

சக்கரத்து சென்சார் தரையோடு உருண்டு சரிவின் நீளத்தை அளக்கிறது. ஜிபிஎஸ் பெரும்பாலும் மட்டத் தூரத்தைக் கூட்டுகிறது, தூக்குக்குண்டோடு படிப்படியாக இறங்கும் சங்கிலிபோல. ரோட்டில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறுகிற ரோட்டில் வித்தியாசம் ஒரு சாண். ஆனால் இரண்டுக்கு ஒன்று ஏறுகிற மலைப்பாதையில் மட்டத்தில் நூறு மீட்டர் என்பது காலுக்கு 112 மீட்டர். நான் பிடித்து வைத்திருந்தது பட்டாவுக்கான தூரம். உப்பு மூட்டையோடு ஏறியவரின் காலுக்கான தூரம் இல்லை. 1892-ல் ஸ்காட்லாந்தில் நெய்ஸ்மித் என்ற மலையேறி, மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் என்று ஒரு விதி சொன்னார். அவரும் தூரத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சங்கிலி பிடித்த அப்பாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுதவில்லை. மலைக்காரர் சொன்ன கணக்கையே எழுதினார்.

ஐந்தாவது முறை போனபோது தூரத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் கருவியில் லேப் என்றொரு பொத்தான் இருக்கிறது. மைதானத்தைச் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அழுத்துவது. அதை இறக்கும் இடங்களுக்கு என்று வைத்துக்கொண்டேன். தோள் உயரப் பாறை, மேலே வழவழப்பு, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால் தெரிந்துவிடும். அழுத்துவேன். அந்த இடம், நேரம், உயரம், முந்தைய இடத்திலிருந்து ஏறிய ஏற்றம் எல்லாம் தனியே பதியும். ஏழு இடத்தையும் பிடித்துவிட்டால், அந்தப் பாதை எப்படிச் சுவாசித்தது என்று யாருக்கும் காட்டிவிடலாம்.

அவசரம் இருக்கிறது. ரோடு வந்ததும் மலைக்காரர்களின் கால்வழிகளில் ஆள் குறைந்துவிட்டது. பலாவும் வாழையும் மிளகும் வேனில் இறங்குகின்றன, இறங்கட்டும், தலைச்சுமை போனது நல்லதே. பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிய காலம் போனதில் யாருக்கு வருத்தம்? ஆனால் நாலு மழைக்கு நடமாட்டம் இல்லையென்றால் பாதையை உண்ணிச்செடி மூடிவிடும். வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வளப்பூர் நாடு என்று மலை பிரிந்து கிடந்த காலத்தில் ஒரு நாட்டையும் இன்னொன்றையும் கட்டியவை இந்த வழிகள்தான். பெரிய வரைபடங்களில் இவற்றில் பாதி கிடையாது. ரோட்டுக்காகச் செய்த கருவி, ரோடு வந்ததால் மறைந்த பாதைகளைக் காப்பாற்ற உதவுகிறது என்றால் அதைக் கொண்டாட வேண்டாமா? நான் பிடித்த கோடுகளை மேலே இருக்கும் ஊர்க்காரர்களிடம் கொடுத்து வருகிறேன். கோயில் காடுகளுக்குள் போகும் வழியை மட்டும் பதிவதே இல்லை. அது அவர்களுடைய சாமி.

நாலு இடம் சுலபமாகக் கிடைத்தன. ஏழாவதும் சந்தேகமில்லை, மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடிக்கும் இடம். ஐந்தாவது இதுதான் என்று ஒரு பாறையைத் தடவிப் பொத்தானை அழுத்தியபோது, வாழைத்தார் சுமந்து எதிரே வந்த அக்கா ஒருவர் நின்றார்.

"என்ன தம்பி, கல்லைத் தடவுறீங்க?"

சொன்னேன்.

"அது இது இல்ல. மழையில உருண்டுபோச்சு. எங்க மாமனார் எறக்குற கல்லு அந்தா கெடக்கு பாருங்க, குப்புற."

இருபது அடி கீழே, புதரை விலக்கிக் காட்டினார். கல் கவிழ்ந்து கிடந்தது. அடியில் கையை நுழைத்தேன். ஒரு முழ அகலத்துக்கு வழவழப்பு. தப்பான இடத்தில் அழுத்தியதை அழித்துவிட்டு, அவர் சொன்ன பழைய இடத்தில் நின்று மறுபடி அழுத்தினேன்.

ஆறாவது மட்டும் அகப்படவில்லை. இரண்டு முறை போனேன், தடவாத பாறை இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பதிவைக் காட்டினேன். அவளுக்கு எண்பது நெருங்குகிறது. திரையில் கோடு தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு இடமாக வாயால் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறாவதில் நிறுத்தினேன்.

"அங்கதானே நீ அழுதே" என்றாள்.

"அப்பா அழலைன்னு எழுதியிருக்காரே?"

"அழுதுட்டு உக்காந்துட்டே. கால்ல முள்ளு. அந்தண்ணன் தன் மூட்டையை அப்பா தலைக்கு மாத்திட்டு உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டாரு. அப்பாவுக்கு அதை எழுத மனசு வரலைபோல."

"அது எந்த எடம்மா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "கல்லெல்லாம் ஞாபகமில்லடா. அதுவரைக்கும் ஆத்துச் சத்தம் காதைப் பொளக்கும். அங்க ஒரு திருப்பம். திரும்புனதும் சத்தம் சட்டுனு நின்னுபோச்சு. அதான் உன் அழுகை அவ்வளவு பெருசாக் கேட்டுச்சு."

வருகிற ஆடிக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். ஐயாற்றில் தண்ணீர் நிறைய ஓட வேண்டும். கருவி தோளில் இருக்கும், நான் காதைத் தீட்டிக்கொண்டு ஏற வேண்டும், சத்தம் அறுகிற திருப்பத்தில் அழுத்த.